பன்னிரண்டாம் சட்டி

செப்டம்பர் 9

தொட்டி கிடைத்துவிட்டது. என்ன பேசினோம் என்பதை இன்றே எழுதி வைக்கிறேன், பிறகு யாரும் மாற்றிப் பேசக்கூடாது.

பெரியண்ணன் ஐயாவின் சேகோ மில்லில், ஜவ்வரிசி காயப்போடும் களத்துக்குப் பின்னால் ஒரு பழைய சிமெண்ட் தொட்டி கிடக்கிறது. உள்ளே தேளும் கருவேல முள்ளும். அதுதான் எனக்கு. மில்லில் ஜவ்வரிசி வறுக்கப் பன்னிரண்டு சட்டிகள் இருக்கின்றன, எல்லாம் விறகில் எரிபவை. பொங்கலுக்குள் அந்தப் பன்னிரண்டாவது சட்டி, காலையிலிருந்து சாயங்காலம் வரை, என் தொட்டியில் வரும் வாயுவில் எரிய வேண்டும். எரிந்தால் தொட்டி நிரந்தரமாக எனக்கு. எரியாவிட்டால் இடித்துவிட்டு அங்கே குடோன் கட்டுவார்.

"என்ன வாயும்மா அது?"

"ஹைட்ரஜனுங்க ஐயா. உங்க கிழங்குக் கழிவுத் தண்ணியில பாக்டீரியா வளத்தா அதுங்களே விடும்."

"பாம் செய்வாங்களே, அதா?"

"அடுப்பு எரிக்கலாம். புகை வராது. எரிஞ்சா வெறும் தண்ணி ஆவிதான்."

"எரிஞ்சா சரி. கழிவுத் தண்ணிய ஓடையில விடறேன், நாத்தம் நாத்தம்னு ஊர்க்காரனுங்க மனு மேல மனு போடறானுங்க. தொட்டியில இருந்து வர்ற தண்ணிய என் தென்னந்தோப்புக்கு விட்டுரு."

நான் மைக்ரோபயாலஜி நடத்திக்கொண்டிருந்த கல்லூரியில் துறைத்தலைவர் ஒருவர் இருந்தார். "உங்க பாக்டீரியா பாட்டிலுக்குள்ள சமத்தா இருக்கும் மேடம், வெளிய விட்டா செத்துரும்" என்று பிள்ளைகள் முன்னால் சிரித்தார். மறுவாரமே ராஜினாமா கொடுத்துவிட்டேன். அவர் இன்னும் அங்கேதான் சிரித்துக்கொண்டிருப்பார்.

என் வீட்டுக்காரர் அர்த்தநாரி இந்த மில்லில்தான் மேனேஜர். எனக்காக முதலாளியிடம் பேசியதும் அவர்தான். பேசி முடிக்கும்வரை சுவரில் மாட்டியிருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

செப்டம்பர் 14

தொட்டியைக் கழுவி, மூடி போட்டு, ஓரத்துக்குத் தார் பூசியாயிற்று. இன்று விதை தயாரித்தேன். விதை என்றால் சாணம்.

சாணத்துக்குள் இரண்டு கூட்டம் இருக்கிறது. ஒரு கூட்டம் மாவுச்சத்தைத் தின்று ஹைட்ரஜன் விடும். இன்னொரு கூட்டம் அந்த ஹைட்ரஜனைத் தின்று மீத்தேன் விடும். பின்னது திருட்டுக் கூட்டம், எனக்கு வேண்டாதது. சாணக் கரைசலைக் கொதிக்க வைத்தால் திருடர்கள் செத்துப்போவார்கள். நம் ஆட்கள் மேலே ஓடு மாதிரி ஒன்று போட்டுக்கொண்டு சுருண்டு படுத்துக்கொள்வார்கள், ஆறியதும் எழுந்து வருவார்கள்.

களத்து ஓரம் அண்டா வைத்துக் கிண்டிக்கொண்டிருந்தேன். மாதம்மா அக்கா வந்து இடுப்பில் கைவைத்து நின்றாள். பால் தொட்டியில் படிகிற மாவை வெட்டி எடுக்கும் பெண்களுக்கெல்லாம் அவள்தான் தலைவி. குச்சிக்கிழங்கை, அதாவது மரவள்ளியை, அரைத்துப் பிழிந்த பாலை விட்டுத் தெளிய வைப்பதால் அதற்குப் பால் தொட்டி என்று பெயர்.

"அடியே, எல்லாரும் வாங்கடி. டீச்சரம்மா சாணிக் குழம்பு வெக்கிறாங்க."

"உப்பு பாக்குறியாக்கா?" என்றேன்.

"சுகந்தின்னு பேர வெச்சுக்கிட்டு இந்த நாத்தத்துல வந்து நிக்கறியே, உன்னையப் பெத்தவங்க பாத்தா என்ன சொல்லுவாங்க?"

சிரித்துவிட்டேன். பிறகு நாள் முழுக்க மில்லில் எனக்கு "சாணிக் குழம்பு டீச்சர்" என்றே பெயர் ஓடியது. ஓடட்டும்.

செப்டம்பர் 21

குமிழி வருகிறது! தொட்டிக்குக் கிழங்குத் தண்ணீரும், சக்கையாக மிஞ்சும் திப்பியும் கொடுக்கிறேன். புளித்த வாடை. வாயு சேருகிற ரப்பர் பை கொஞ்சம் தூக்கியிருக்கிறது. நல்ல சோறு போட்டால் யார்தான் வேலை செய்யமாட்டார்கள்.

செப்டம்பர் 27

வீட்டில் சிலிண்டர் தீர்ந்தது. எரிவாயு தயாரிக்கிறவள் வீட்டில் சோறு வேகவில்லை. வீட்டுக்காரர் ஓட்டலில் இட்லி வாங்கிவந்தார்.

அவருடைய ஊதா நிறச் சட்டையில் வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழுந்திருக்கிறது. போன வாரம் வாங்கிய சோப்புத்தூள்தான் காரணம். கடைக்காரரிடம் பாக்கெட்டைக் காட்டிச் சத்தம் போட்டேன். அவர் பாவம், வேறு பாக்கெட் கொடுத்தார்.

அக்டோபர் 3

எரிந்தது!

வாயுவைச் சுண்ணாம்புத் தண்ணீருக்குள் விட்டுக் கழுவி, நெருப்பு பின்னோக்கி ஓடாமலிருக்க இன்னொரு டிரம்மில் தண்ணீர்ப் பூட்டு வைத்து, அதன் வழியாகச் சட்டிக்குக் கீழே குழாயைக் கொண்டுபோனேன். பற்ற வைத்தேன். ஒன்றும் தெரியவில்லை. பட்டப்பகல் வெயில். சுற்றி நின்ற பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எரியலையே டீச்சரம்மா."

"எரியுதுக்கா. ஹைட்ரஜன் எரிஞ்சா வெளிச்சத்துல கண்ணுக்குத் தெரியாது. கையைக் கொண்டுபோயிராத."

மாதம்மா நம்பவில்லை. விளக்குமாற்றிலிருந்து ஒரு குச்சியை உருவி அடுப்பு வாயில் நீட்டினாள். குச்சி குப்பென்று பற்றியது. "ஐயோ ஆத்தா!" என்று எறிந்துவிட்டுக் குதித்தாள். பிறகு எல்லோரும் ஆளுக்கொரு குச்சியாக நீட்டி விளக்குமாற்றையே தீர்த்துவிட்டார்கள்.

மத்தியானச் சாப்பாட்டு நேரம்வரை எரிந்தது. வறுக்கிற பெண்கள் அந்தச் சட்டியிடமே வந்து வந்து நின்றார்கள். கண் எரியவில்லையாம்.

வீட்டில் அவரிடம் சொன்னேன். "நல்லதும்மா" என்றார். இருமிக்கொண்டே சொன்னார். சுக்குக் கஷாயம் போட்டுக் கொடுத்தேன்.

அக்டோபர் 11

ஆயுத பூஜை. இந்த மில்லில் இன்று எந்த மோட்டாரும் ஓடக்கூடாது, எந்தக் கருவியையும் கையில் எடுக்கக்கூடாது. அரவை மெஷினுக்கு மாலை, சல்லடைக்குச் சந்தனம், லாரிக்கு வாழைமரம். என் தொட்டியைக் கலக்குகிற மோட்டாரையும் நிறுத்தி, பொட்டு வைத்து, மூடிமேல் பூசணிக்காய் வைத்திருந்தார்கள்.

"மோட்டாரப் போடுங்க. உள்ள இருக்கிறதுங்களுக்கு லீவு கிடையாது."

"சாமிக்குத்தமாயிரும் டீச்சரம்மா. ஆயுதத்துக்கு வருசத்துல ஒரு நாள் ஓய்வு வேண்டாமா?" என்றார் பொட்டு வைத்தவர்.

"பாக்டீரியா என்ன ஆயுதமா?"

"பின்ன? நீங்க அத வெச்சுத்தான இத்தன பேரோட சண்டை போடறீங்க?"

பொரியும் கடலையும் வாங்கித் தின்றுவிட்டு, யாரும் பார்க்காதபோது ஒரு மூங்கிலை விட்டு நானே கலக்கினேன்.

அக்டோபர் 14

செத்துவிட்டது. பை தரையோடு கிடக்கிறது.

யாரோ பூஜைக்குச் சுத்தம் செய்கிறேன் என்று தொட்டிக்குள் பிளீச்சிங் பவுடர் போட்டிருக்கிறார்கள். வேறு காரணமே இருக்க முடியாது. மாதம்மாவைப் பிடித்துக் கேட்டேன். கத்தினேன் என்றே எழுதுகிறேன்.

"எம் புள்ள மேல சத்தியமா நான் வெளிய கூட்டிக் கோலம் போட்டதோட சரி. உள்ள எதுவும் போடல."

"பின்ன யாரு போட்டது?"

"நான் போடலைன்னா போடலதான். யார் போட்டாங்கன்னு நீயே கண்டுபுடி." போய்விட்டாள். நாள் முழுக்க என்னிடம் பேசவில்லை.

வீட்டில் சொன்னபோது அவர் சொன்னார்: "விடு, தெரியாமப் பண்ணியிருப்பாங்க. மறுபடி போட்டுக்கலாம்."

அக்டோபர் 18

மறுபடி சாணம், மறுபடி அண்டா. குழம்பு என்று கிண்டல் செய்ய யாரும் வரவில்லை.

நவம்பர் 5

தீபாவளிக்குப் பிறகு பை நன்றாகத் தூக்குகிறது. அரை நாள் எரியும்.

அவர் புதுச் சட்டையிலும் திட்டு. சோப்புத்தூளை மாற்றியும் திட்டு. சட்டையைப் பற்றி இனி எழுதப்போவதில்லை, எழுத வேறு வேலை இல்லையா எனக்கு.

நவம்பர் 12

"நாளைக்கும் நாளன்னிக்கும் மில்லுத் தண்ணி எடுக்காத" என்றார் அவர்.

"ஏன்?"

"எடுக்காதன்னா எடுக்காத. நாள் நல்லா இல்ல."

ராகுகாலம் பார்க்காமல் கல்யாணத் தேதி குறித்த மனுஷன் இவர். எனக்குப் பிடிவாதம் வந்துவிட்டது. வழக்கத்தைவிட இரண்டு மடங்கு எடுத்தேன்.

நவம்பர் 14

செத்துவிட்டது.

நவம்பர் 15

லாரி ஷெட்டில் டிரைவர்கள் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டேன். வடக்கே ஏகாதசி விரதத்துக்கு லோடு போகிறதாம். விரதம் இருப்பவர்கள் ஜவ்வரிசிதான் சாப்பிடுவார்கள், அதுவும் பால் மாதிரி வெள்ளையாக இருந்தால்தான் வாங்குவார்களாம். அக்டோபரிலும் ஆயுத பூஜை முடிந்த கையோடு இப்படி ஒரு ஏகாதசி லோடு போனது.

மாவு அரைக்க வேண்டும். உளுந்து ஊறவைத்திருக்கிறேன்.

நவம்பர் 19

பொட்டாசியம் அயோடைடு என்று ஒரு உப்பு. பள்ளிக்கூட லேபிலும் கிடைக்கும். குளோரின் சேர்ந்த பிளீச் இருக்கிற தண்ணீரில் அதைப் போட்டால் அயோடின் பிரியும், அயோடினும் மாவுச்சத்தும் சேர்ந்தால் நீலம். மற்ற இடமாயிருந்தால் மாவுச்சத்தைத் தனியாகச் சேர்க்க வேண்டும். சேகோ மில் தண்ணீரில் அது ஏற்கெனவே கரைந்திருக்கிறது.

இன்னும் ஒரு லோடுக்கு மாவு தெளிகிறது. பால் தொட்டியிலிருந்து இறங்கிய தண்ணீரை ஒரு டம்ளரில் பிடித்தேன். ஒரு சிட்டிகை போட்டேன்.

நீலம்.

நவம்பர் 20

எழுத ஒன்றுமில்லை. துணி துவைத்தேன்.

நவம்பர் 21

தோசை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தேன்.

"ஏங்க, பால் தொட்டியில என்ன ஊத்துறீங்க?"

பிட்ட தோசையைச் சட்னியில் தொட்டபடியே இருந்தார், வாயில் வைக்கவில்லை.

"தெரிஞ்சுதான கேக்குற."

"உங்க வாயால கேக்கணும்."

"ப்ளீச். ஆளுங்க வர்றதுக்கு முன்னாடி நான்தான் ஊத்துறேன். வடக்க ஆர்டர் இருந்தா மட்டும். பழுப்பா இருக்குன்னு போன வருசம் லோடையே திருப்பி அனுப்பிட்டாங்க சுகந்தி. மொதலாளி என்ன பண்ணுவாரு?"

"அந்தத் தண்ணி என் தொட்டிக்கு வரும்னு தெரியும்ல?"

"அதனாலதான் முடிஞ்ச மட்டும் அந்தத் தண்ணிய ஓடைக்குத் திருப்பிவிட்டேன், முடியாதப்ப எடுக்காத எடுக்காதன்னு சொன்னேன்."

"ஏன்னு சொல்லலையே."

"சொல்லியிருந்தா நீ சும்மா இருந்திருப்பியா?"

இருந்திருக்க மாட்டேன். அது உண்மை. ஆனால் அந்த இருமலுக்கு நான் மாசக்கணக்கில் சுக்குத் தட்டிப் போட்டேனே, அப்போதாவது சொல்லியிருக்கலாம் இந்த மனுஷன். எனக்கு வந்த ஆத்திரத்தில் தோசைக்கல்லை அப்படியே அடுப்பில் விட்டுவிட்டேன், வீடெல்லாம் புகை.

"அவரு உப்பத் தின்னு வளந்தவன் நான். என்னைய எதிர்த்துப் பேசச் சொல்லாத."

"உங்களப் பேசச் சொல்லல. நான் பேசிக்கிறேன்."

நவம்பர் 22

மாதம்மாவிடம் போய் நின்றேன். "அக்கா, நீ போடல. நான்தான் அநியாயமாப் பேசிட்டேன்."

"இப்பத்தான் தெரிஞ்சுதா?" என்றாள். பிறகு, "யாரு போட்டாங்க?" என்று கேட்டாள்.

நான் அவள் கைகளைப் பார்த்தேன். விரல் இடுக்கெல்லாம் தோல் உரிந்து சிவந்திருந்தது. கிழங்குப் பால் பட்டால் அப்படி ஆகும் என்று இதுவரை நினைத்திருந்தேன். அவளும் அப்படித்தான் நினைத்திருக்கிறாள். "கண்டுபுடிச்சுட்டுச் சொல்றேன்" என்றேன். பொய். அவர் பெயர் வாயில் வரவில்லை.

டிசம்பர் 6

முதலாளி கூப்பிட்டுவிட்டார். சேலத்திலிருந்து மாசுக் கட்டுப்பாட்டு ஆபீசர் ஒருவரும் பக்கத்து மில்காரர்களும் பன்னிரண்டாம் சட்டியைப் பார்க்க வருகிறார்களாம். தொட்டியோ இப்போதுதான் மூன்றாம் தடவையாக மூச்சு விடுகிறது. எரிகிற அளவுக்கு வாயு இல்லை.

"ஒண்ணும் கவலப்படாத" என்றார். "சமையல் சிலிண்டர் ஒண்ணு சட்டிக்குப் பின்னால மறைவா வெச்சுக்கலாம். குழாய்க்குள்ள குழாய். எவன் குனிஞ்சு பாக்கப்போறான்? உன் பேரும் நிக்கும், என் மேல இருக்கிற மனுவும் போகும்."

"வேண்டாங்க ஐயா. ப்ளீச் ஊத்துறத நிறுத்துங்க, நெசமாவே எரியும்."

அவர் முகம் மாறியது. திரும்பி என் வீட்டுக்காரரைப் பார்த்தார். இவர் காலண்டரைப் பார்த்தார்.

"யாரும்மா ப்ளீச் ஊத்துனது? எங்க மில்லுலயா? வெளிய போயி இப்படி உளறிட்டு இருக்காத. தொட்டி உன்னோடது இல்ல, ஞாபகம் இருக்கட்டும்."

"பொங்கல் வரைக்கும் என்னோடதுதாங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

டிசம்பர் 10

வந்தார்கள். பந்தல், நாற்காலி, பாதாம் பால். என்னை முன்வரிசையில் உட்காரவைத்து ஒரு சால்வையும் போர்த்திவிட்டார்கள்.

முதலாளி தீக்குச்சியைக் கிழித்தார். பன்னிரண்டாம் சட்டிக்குக் கீழே நீலமும் மஞ்சளுமாகத் தீ நின்று எரிந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். ஊர்க்காரர்கள் மனு பற்றி ஆபீசர் கேட்டதற்கு, "ஓடைக்கு எங்க மில்லுல இருந்து ஒரு சொட்டுத் தண்ணி போறதில்லைங்க சார், எல்லாம் இந்தத் தொட்டிக்குத்தான்" என்றார் முதலாளி. கூச்சமே இல்லை. களத்து ஓரம் தட்டி கட்டி மறைத்திருந்ததற்குப் பின்னால் வாய்க்கால் ஓடுகிற சத்தம் எனக்கே கேட்டது.

நான் எழுந்தேன். சால்வையை நாற்காலியில் வைத்தேன்.

"சார், இது என் தீ இல்ல."

கைதட்டல் நின்றது.

"ஹைட்ரஜன் எரிஞ்சா இந்த வெயில்ல கண்ணுக்குத் தெரியாது. இது சமையல் கேஸ். குனிஞ்சு பாத்தீங்கன்னா சிலிண்டர் தெரியும்." நானே குனிந்து அதன் வால்வை மூடினேன். தீ அணைந்தது.

"அம்மா கொஞ்சம் டென்ஷன்ல இருக்காங்க" என்று முதலாளி சிரித்தார்.

"டென்ஷன் இல்லைங்க. என் பாக்டீரியா தோத்துப் போகல. ரெண்டு தடவ கொன்னுருக்காங்க." தண்ணீர் குடிக்க வைத்திருந்த கண்ணாடி டம்ளரைக் காலி செய்து, பால் தொட்டித் தண்ணீரை மொண்டு, மடியில் முடிந்து வைத்திருந்த அயோடைடு உப்பைப் போட்டேன். வடக்கே போகிற ஆர்டருக்குக் காலையில்தான் ஊற்றியிருந்தார்கள். மை மாதிரி நீலம் ஏறியது. மேலே தூக்கிக் காட்டினேன்.

"ப்ளீச் இருந்தாத்தான் இப்படி ஆகும். இந்த மாவத்தான் ஊருக்கெல்லாம் அனுப்புறோம். இத வெட்டி எடுக்கிற பொம்பளைங்க கையப் பாருங்க."

பக்கத்து மில்காரர்கள் ஒருவரும் டம்ளரைப் பார்க்கவில்லை. ஒருவர் செருப்பைப் பார்த்தார், ஒருவர் போனை எடுத்துக் காதில் வைத்தார், ஒலிக்காத போன். நொடியில் எல்லோருக்கும் அவசர வேலை வந்துவிட்டது.

"யாரு ஊத்துறது?" என்று ஆபீசர் கேட்டார்.

அவர் தூணோரம் நின்றிருந்தார், என் வீட்டுக்காரர். எனக்கு அவர் முகம் தெரிந்தது.

"தெரியலைங்க சார்" என்றேன்.

விசாரிக்கிறேன் என்று சொல்லிவிட்டு ஆபீசர் காரில் ஏறினார். ஆனால் அந்த டம்ளரை வாங்கி, கையில் பிடித்துப் பார்த்து, என்னிடம் திருப்பிக் கொடுத்தது மாதம்மா. தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

டிசம்பர் 11

என்னை மில்லுக்குள் விடக்கூடாது என்று வாட்ச்மேனுக்கு உத்தரவாம். வாட்ச்மேன் என்னிடம் அதைச் சொல்லிவிட்டு, "நான் டீ குடிக்கப் போறேங்க" என்று கேட்டைத் திறந்துபோட்டுப் போய்விட்டார்.

டிசம்பர் 13

உள்ளே போனால், மாவு வெட்டுகிற பெண்கள் அத்தனை பேரும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார்கள். வறுக்கிற பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். நான் கூப்பிடவில்லை. சத்தியமாக நான் கூப்பிடவில்லை.

"என்னக்கா?"

"வெள்ள மருந்து ஊத்துன மாவுல கை வெக்க மாட்டோம். அம்புட்டுதான்."

வெளியே கிழங்கு லாரிகள் வரிசை கட்டி நின்றன. பிடுங்கிய குச்சிக்கிழங்கு இரண்டு நாள் தாண்டினால் உள்ளே கறுப்பு நரம்பு ஓடிக் கெட்டுப்போகும். விவசாயிகள் ஹாரன் அடித்துத் திட்டுகிறார்கள். முதலாளி வெளியே வந்து முதலில் கத்தினார், பிறகு கெஞ்சினார், பிறகு என் வீட்டுக்காரரைப் பார்த்து, "பக்கத்து ஊருல இருந்து ஆள் கூட்டிட்டு வாடா" என்றார்.

இவர் ஜீப் சாவியை எடுத்துக்கொண்டு போனார். ஜீப் நிற்கும் இடம்வரை போனார். மத்தியானம்வரை அதன் நிழலிலேயே உட்கார்ந்திருந்தார். வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்று முதலாளியிடம் சொன்னாராம்.

சாயங்காலத்துக்குள் முதலாளி இறங்கி வந்தார். "பொங்கல் வரைக்கும் ஊத்தல. போதுமா? எந்திரிங்கடி."

"நீங்க மரியாதயாச் சொன்னா எந்திரிக்கிறோம்" என்றாள் மாதம்மா. சொன்னார்.

டிசம்பர் 14

அவருக்குப் பிடித்த புளிக்குழம்பு வைத்தேன். ஜீப்பைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

டிசம்பர் 29

பை நிமிர்ந்து நிற்கிறது. இன்னொரு பை வாங்கி இணைத்திருக்கிறேன். சாப்பாடு சுத்தமாக இருந்தால் இந்தப் பிள்ளைகள் ஒருநாளும் குறை வைப்பதில்லை.

ஜனவரி 9

இன்று.

காலைச் சங்கு ஊதியதும் பற்ற வைத்தேன். மாதம்மா குச்சி நீட்டி, "எரியுது" என்று அறிவித்தாள். மற்ற சட்டிகளில் எல்லாம் புகை, பன்னிரண்டாவதில் ஒன்றுமே இல்லை. வெறும் அடுப்பு மேல் ஜவ்வரிசி தானாகப் பொரிந்து குதிப்பதாகத்தான் பார்ப்பவர்களுக்குத் தெரியும். முதலாளி நாற்காலி போட்டு எதிரிலேயே உட்கார்ந்துகொண்டார். சிலிண்டர் இருக்கிறதா என்று இந்தத் தடவை அவர் குனிந்து பார்த்தார்.

மூன்றரை மணிக்குப் பை தளர்ந்தது. மாதம்மாவும் இன்னும் இரண்டு பெண்களும் பைமேல் பலகையைப் போட்டு அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். "வாயு போகட்டும் டீச்சரம்மா, எங்க கனம் வேற எதுக்கு ஆகும்?" அழுத்தம் ஏறியது. சட்டி சூடு குறையவில்லை.

சாயங்காலச் சங்கு ஊதும்போது எரிந்துகொண்டிருந்தது. நான் அழுதேன். எல்லோர் முன்னாலும், மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்து, அசிங்கமாக அழுதேன். அந்தத் துறைத்தலைவர் வந்து பார்க்கட்டும்.

ஜனவரி 10

முதலாளி வாக்குத் தவறவில்லை. தவறியிருந்தால்கூடப் பரவாயில்லை.

"எரிஞ்சுது. ஒத்துக்கறேன். தொட்டி உனக்குத்தான், பூட்டுப் போட்டு வெச்சுக்க. ஆனா பொங்கல் முடிஞ்சதும் சிவராத்திரி ஆர்டர். வெள்ளயா இல்லாட்டி ஒரு மூட்டை நகராது. அந்தத் தண்ணி உன் தொட்டிக்கு ஒத்துக்காதுல்ல? அதனால பழையபடி ஓடைக்கே போகட்டும்."

"அப்ப என் தொட்டிக்கு?"

"மழை பெய்யும்ல" என்று சிரித்தார்.

பொம்பளைகளுக்குக் கையுறை வாங்கிக் கொடுக்கிறாராம். அதோடு எல்லாம் சரியாகிவிடுமாம்.

ஜனவரி 12

மில்லுக்குப் பொங்கல் லீவு விட்டாயிற்று. வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும், அடிக்கவில்லை. சிமெண்ட் மூட்டை ஒன்று, மணல், செங்கல் வாங்கி வந்தேன்.

"எதுக்கு?" என்றார்.

"ஓடைக்குப் போற வாய்க்கால அடைக்கப்போறேன். அடைச்சா மில்லுத் தண்ணி மொத்தமும் தொட்டிக்குத்தான் வரணும். தொட்டியில இருந்து அவரோட தென்னந்தோப்புக்கு. இனி ப்ளீச் ஊத்துனா என் பாக்டீரியா சாகும், அவரு தென்னையும் சாகும்."

அவர் மணலை ஒரு கை அள்ளிக் கீழே விட்டார். "வேலை போயிரும் சுகந்தி."

"போகலாம். எனக்கும்தான் ஒண்ணு போச்சு. செத்தா போயிட்டேன்?"

செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

ஜனவரி 13

போகிக்கு ஊரே பழையதை எரித்துக்கொண்டிருந்தபோது, நானும் மாதம்மாவும் வாய்க்காலில் இறங்கிச் செங்கல் அடுக்கினோம். எனக்குக் கட்டட வேலை தெரியாது, வரிசை கோணிக்கொண்டே போனது. அப்போது பின்னால் மண்வெட்டிச் சத்தம். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கலவை போட்டுக்கொண்டிருந்தார். தண்ணீர் அதிகம் விடுகிறீர்கள் என்று சொன்னேன். கேட்கவில்லை. என் வரிசையைப் பிரித்துவிட்டு முதலிலிருந்து கட்டினார்.

ஜனவரி 15

பொங்கல் மறுநாள் மாட்டுக்குப் படைத்துவிட்டு முதலாளி தோப்பைப் பார்க்க வந்திருக்கிறார். ஆள் விட்டுக் கூப்பிட்டார். நாங்கள் இருவருமே போனோம். சுவர் முன்னால் நின்றுகொண்டிருந்தார், முகமெல்லாம் சிவந்து.

"யாரு பண்ணுனது?"

"நான்தாங்க ஐயா."

"எவ்வளவு திமிர் இருந்தா என் வாய்க்கால அடைப்ப? போலீசுக்குப் போறேன் பாரு."

"தாராளமாப் போங்க. எந்த வாய்க்கால்னு கேப்பாங்க. ஓடைக்கு ஒரு சொட்டுக்கூடப் போறதில்லைன்னு ஆபீசர்கிட்ட நீங்கதான சொன்னீங்க? இல்லாத வாய்க்கால நான் எப்படிங்க அடைக்க முடியும்?"

அவர் சுவரைப் பார்த்தார். தென்னைகளைப் பார்த்தார், ஒவ்வொன்றும் அவர் அப்பா வைத்த மரம். கடைசியில் என் வீட்டுக்காரரைப் பார்த்தார்.

"டேய் அர்த்தநாரி. கடப்பாரய எடுத்துட்டு வந்து இத இடிச்சுப் போடுடா."

இவர் காலண்டர் எதையும் தேடவில்லை. நேராக அவர் முகத்தைப் பார்த்தார்.

"கலவை இன்னும் இறுகலைங்க மொதலாளி. ஒரு வாரத்துக்குத் தண்ணி காட்டணும்" என்று சொல்லிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு சுவரில் ஊற்றத் தண்ணீர் மொள்ளப் போனார். நானும் இன்னொரு வாளியை எடுத்தேன்.